ஒரே உடம்பு, ஐந்து பெயர்

1969ஆம் வருட ஷெவர்லே கமாரோவில் எது எந்த ரகம் என்று சொல்ல வேண்டிய ஃபைல்கள் இன்று இல்லை. போலிகள் முளைத்தது அந்த இடைவெளியில்தான்.

இரண்டு கார்களை அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். இரண்டும் 1969ஆம் வருட ஷெவர்லே கமாரோ. இரண்டுக்கும் 'ஹக்கர் ஆரஞ்சு' என்று கம்பெனி பெயர் வைத்த அதே கொளுத்தும் நிறம். பானெட்டின் மீதும் டிக்கியின் மீதும் அதே அகலமான இரட்டைப் பட்டைகள். கிரில்லில் அதே 'இசட்/28' பேட்ஜ். ஸ்டார்ட் செய்தால் இரண்டும் ஒரே மாதிரி உறுமுகின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போல இரண்டு மடங்கு. விலை குறைந்த கார் இசட்/28 ஆகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை. சாதா கமாரோவாகப் பிறந்து பிறகு வேஷம் போட்டுக்கொண்டது. இதில் விசேஷம், எது அசல் எது வேஷம் என்பதைக் காரின் அடையாள எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான்.

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய கார்களுக்கென்று பெரிய ஏலங்கள் நடக்கின்றன. 1960களில் அமெரிக்க இளைஞர்களைக் குறிவைத்து வந்த 'மஸில் கார்'களுக்கு அங்கே தனி மவுசு. பெரிய கார்களுக்கென்று செய்த வி-8 எஞ்சினை எடுத்துச் சின்ன இரண்டு கதவு காருக்குள் திணித்து, அதை மலிவான விலைக்கு விற்பதுதான் மஸில் கார் தத்துவம். 1964இல் போண்டியாக் ஜி.டி.ஓ. இதைத் தொடங்கி வைத்தது. இலக்கணம் பார்ப்பவர்கள், கமாரோ அந்த ஜாதி இல்லை, ஃபோர்டு மஸ்டாங் வகையைச் சேர்ந்த 'போனி கார்' என்பார்கள். உள்ளே ஏழு லிட்டர் எஞ்சின் வந்து உட்கார்ந்த பிறகு அந்த வாதத்தில் அதிகம் சத்து இல்லை.

மஸ்டாங் இல்லாவிட்டால் கமாரோவே இல்லை. 1964 ஏப்ரலில் வெளிவந்த மஸ்டாங், முதல் பன்னிரண்டு மாதங்களில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு பதில் கொடுக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. 1966 செப்டம்பரில் கமாரோ வந்தபோது, பெயருக்கு என்ன அர்த்தம் என்று நிருபர்கள் கேட்டார்கள். மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு சின்ன, கொடூரமான பிராணி என்று ஷெவர்லே அதிகாரிகள் பதில் சொன்னார்கள். கமாரோவின் முதல் தலைமுறை மூன்று வருடங்கள்தான் ஓடியது: 1967, 68, 69. மூன்றில் 69க்கே இன்றைக்கு அதிக கிராக்கி. அடுத்த மாடல் தாமதமானதால் அந்த வருடக் கார்களைத் தொழிற்சாலைகள் வழக்கத்தைவிடச் சில மாதங்கள் கூடுதலாகத் தயாரித்தன. மொத்தம் 2,43,000க்கு மேல்.

அந்த இரண்டரை லட்சத்துக்குள் எத்தனை ரகம்? இந்திய ஷோரூம்களில் கார் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குழப்பும். இங்கே எல்.எக்ஸ்.ஐ., அதற்கு மேல் வி.எக்ஸ்.ஐ., அதற்கும் மேல் இசட்.எக்ஸ்.ஐ. என்று ஏணிப்படி. மேல் படியில் ஏறினால் கீழ்ப்படியில் உள்ளதெல்லாம் கிடைத்துவிடும். 1969 கமாரோ ஏணி அல்ல, ஹோட்டல் மெனு. சாதா காரை எடுத்துக்கொண்டு, பிறகு வேண்டியதைத் தனித்தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமுமாக ஒரு குறியீடு. இசட்22 என்று எழுதினால் ஒன்று. இசட்27 என்றால் இன்னொன்று. இசட்28 என்பதும் அந்தப் பட்டியலில் அடுத்த எண்தான். விளம்பரக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த பெயர் இல்லை. ஆர்டர் ஃபாரத்தின் ஒரு வரி.

முதலில் சாதா. 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 140 குதிரை சக்தி. வி-8 வேண்டுமானால் நூறு டாலர் அதிகம். அதோடு சேர்த்தும் அடக்கவிலை 2,700 டாலரைச் சற்றே தாண்டியது. பள்ளி ஆசிரியைகளும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் வேலைக்குப் போய்வந்த கார். 3.8 லிட்டர் கொண்ட இந்த ஆறு சிலிண்டரைத்தான் அமெரிக்கர்கள் சின்ன எஞ்சின் என்று நினைத்தார்கள். அதே வருடம் இந்தியர்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த அம்பாசிடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர்.

அடுத்து ஆர்.எஸ்., அதாவது ராலி ஸ்போர்ட். குறியீடு இசட்22, விலை சுமார் 130 டாலர். பெயரில் ராலி இருக்கிறதே தவிர எஞ்சினில் ஒரு ஸ்குரூகூட மாறவில்லை. இது முழுக்க முழுக்க அலங்காரம். ஹெட்லைட்டுகளை மூடும் கதவுகள், தனி கிரில், வேறு மாதிரி பின் விளக்குகள். கதவுகளை எஞ்சினின் வெற்றிட இழுவிசை திறந்து மூடும். மழையிலோ பனியிலோ கதவு திறக்காமல் சண்டித்தனம் செய்தால் என்ன ஆவது? 69 மாடலில் கதவிலேயே கண்ணாடிப் பட்டைகள் வைத்து, மூடியிருந்தாலும் கொஞ்சம் வெளிச்சம் வெளியே வரும்படி செய்தார்கள். தங்கள் கண்டுபிடிப்பின் மீது கம்பெனிக்கே அவ்வளவு நம்பிக்கை! ஆனாலும் அந்த மூடிய முகத்தின் அழகை மறுக்க முடியாது. ஆறு சிலிண்டர் காருக்குக்கூட ஆர்.எஸ். வாங்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விற்பனை விளம்பரத்தில் 'அசல் ஆர்.எஸ்.' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது வேகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

எஸ்.எஸ். என்கிற சூப்பர் ஸ்போர்ட், குறியீடு இசட்27, உண்மையாகவே எஞ்சின் சமாச்சாரம். சுமார் 300 டாலருக்கு 350 கன அங்குல வி-8, 300 குதிரை சக்தி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், கெட்டியான ஸ்பிரிங்குகள். இன்னும் பணம் இருந்தால் 396 கன அங்குலப் பெரிய எஞ்சின். அதிலேயே 325, 350, 375 குதிரை சக்தி என்று மூன்று தினுசு. பானெட்டின் மீது காற்றை உள்ளே இழுப்பது போல வரிசையாகத் தெரியும் உலோகத் துளைகள் வெறும் ஒப்பனை; எதையும் இழுப்பதில்லை. 396இன் கனம் முன்சக்கரங்களை அழுத்துவதால் வளைவுகளில் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். நேர் ரோட்டில் இதை மிஞ்ச ஆள் குறைவு. தினமும் ஓட்டத் தகுந்தது எது என்று கேட்டால், 350 எஞ்சின் போட்ட எஸ்.எஸ்.தான் பொருத்தமான பதில். சேகரிப்பாளர்கள் அதை இரண்டாம்பட்சமாகப் பார்ப்பதற்கு அதன் ஓட்டம் காரணமில்லை. நிறைய விற்றுவிட்டது என்பதே காரணம்.

இசட்/28 இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஐந்து லிட்டர். பந்தயத்துக்கு வரும் கார் கடையில் விற்கும் காராகவும் இருக்க வேண்டும். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸோ 1963 முதல் பந்தயங்களிலிருந்து அதிகாரபூர்வமாக ஒதுங்கியிருந்தது. ஷெவர்லேயின் வின்ஸ் பிக்கின்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தயக் கார் என்ற பேச்சையே எடுக்காமல், ஆர்டர் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தார். கம்பெனியிடம் 327 கன அங்குல எஞ்சின் இருந்தது, 283ம் இருந்தது. முன்னதன் உடலில் பின்னதன் கிராங்க் ஷாப்டைப் பொருத்தினால் நான்கு அங்குல அகலச் சிலிண்டரில் பிஸ்டன் மூன்று அங்குலம் மட்டுமே ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் 302. வரம்புக்கு மூன்று அங்குலம் குறைவு!

பிஸ்டனின் பயணம் குறுகியதால் எஞ்சின் வெறிபிடித்தது போலச் சுழலும். கீழ் வேகத்தில் சோம்பேறி. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் எஸ்.எஸ். முதல் சில அடிகளில் இதைத் தோற்கடித்துவிடும். நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டியதும் விழித்துக்கொண்டு 7,000 வரை போகும். கையால் போடும் நான்கு கியர் கட்டாயம். முன் டிஸ்க் பிரேக் கட்டாயம். ஏர் கண்டிஷனர் கிடையாது, ஆட்டோமேடிக் கியர் கிடையாது, திறந்த கூரை கிடையாது. (1968இல் ஷெவர்லேயின் தலைவர் பீட் எஸ்டெஸுக்காக ஒரே ஒரு திறந்த கார் செய்தார்கள். மேலதிகாரிக்கு விதிவிலக்கு எல்லா நாட்டிலும் உண்டு.) முதல் வருடம் 602 பேர் வாங்கினார்கள். 1968இல் 7,199. மார்க் டோனஹியூ அந்த வருடம் 13 பந்தயங்களில் பத்தை ஜெயித்தார். 1969இல் விற்பனை 20,302 ஆனது. அந்த வருட டிரான்ஸ்-ஆம் பட்டமும் கமாரோவுக்கே.

கம்பெனி எழுதிய கணக்கில் இசட்/28இன் வலு 290 குதிரை சக்தி. யாரும் அதை நம்பவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் குதிரை சக்தியைப் பார்த்து பிரீமியத்தை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். குறைத்து எழுதுவதில் எல்லோருக்கும் லாபம். இழுவைப் பந்தயங்களிலும் எடை, குதிரை சக்தி கணக்கை வைத்தே பிரிவு ஒதுக்குவார்கள். எனவே அந்தக் காலத்துப் பட்டியல்களில் உள்ள எண்களை வைத்து ரகங்களை ஒப்பிடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அன்றைய அளவீட்டு முறையும் தாராளமானது. காற்று வடிகட்டி, விசிறி, சைலன்ஸர் எதுவும் இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் ஓட்டி எடுத்த கணக்கு. 1972இல் அந்த முறையைக் கைவிட்டு, காரில் இருக்கிற மாதிரியே அளக்கத் தொடங்கியதும் ஒரே இரவில் அமெரிக்கக் கார்கள் எல்லாம் இளைத்துப்போயின.

ஐந்தாவது ரகத்துக்குப் பேட்ஜே கிடையாது. கார் உலகில் அதை 'கோப்போ' என்கிறார்கள். மத்திய அலுவலக உற்பத்தி உத்தரவு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள். டாக்ஸி கம்பெனிகளும் போலீஸ் இலாகாக்களும் மொத்தமாக வண்டி வாங்கும்போது தனி பெயிண்ட், தனி சீட் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஆர்டர்களை வழக்கமான ஃபாரத்தில் எழுத முடியாது என்பதற்காக வைத்திருந்த பின்வாசல் இது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: கமாரோ அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது. எஸ்.எஸ். காரின் எஞ்சின் 396இல் நின்றதன் ரகசியம் இதுதான். கார்வெட்டில் போட்ட 427 எஞ்சின், ஏழு லிட்டர், கமாரோவுக்குள்ளும் அழகாக உட்காரும் என்று எல்லோருக்கும் தெரியும். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்கில் டீலராக இருந்த பந்தய வீரர் டான் யெங்கோ, கமாரோக்களை வாங்கித் தன் ஒர்க்ஷாப்பிலேயே எஞ்சினை மாற்றி விற்றுக்கொண்டிருந்தார். 1969இல் பின்வாசல் திறந்தது. கோப்போ எண் 9561 என்று எழுதினால் தொழிற்சாலையே 427ஐப் போட்டு அனுப்பும். 425 குதிரை சக்தி. கூடுதல் செலவு 500 டாலருக்குள். யெங்கோ மட்டும் சுமார் 200 கார்கள் வாங்கினார். எல்லா டீலர்களும் வாங்கியது ஏறத்தாழ ஆயிரம். டாக்ஸிக்குப் போடுவது போன்ற சின்ன வீல் கப், பெயர் எழுதாத முன்பக்கம். பார்த்தால் பரம சாது.

9561க்கு முந்தைய எண்தான் இந்தக் கதையின் உச்சம். இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊர். அங்கே டீலர் ஃப்ரெட் கிப். கான்-ஆம் பந்தயக் கார்களுக்காக ஷெவர்லே செய்திருந்த 427 எஞ்சின் ஒன்று உண்டு. இரும்புக்குப் பதில் முழுக்க அலுமினியம். பெயர் இசட்.எல்.1. ஏழு லிட்டர் எஞ்சினாக இருந்தும் எடை சின்ன வி-8 அளவுக்குத்தான். இதைக் கமாரோவில் போட்டு இழுவைப் பந்தயத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் குறைந்தது 50 கார்கள் தயாரித்திருக்க வேண்டும் என்பது பந்தயச் சங்கத்தின் விதி. கிப் துணிந்து ஐம்பதுக்கும் ஆர்டர் கொடுத்தார், கோப்போ 9560. 1968இன் கடைசி நாட்களில் முதல் கார்கள் லா ஹார்ப் வந்து சேர்ந்தன. கூடவே பில்லும். எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். கார் மொத்தம் 7,200 டாலருக்கு மேல்.

அந்த விலைக்கு இரண்டு எஸ்.எஸ். வாங்கலாம். சில ஆயிரம் பேர் வசிக்கக்கூட இல்லாத ஊரில் ஐம்பது கார்களை யாரிடம் விற்பது? கிப் தவித்துப்போனார். வழக்கமில்லாத வழக்கமாக, முப்பதுக்கு மேற்பட்ட கார்களைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் மற்ற டீலர்களுக்கு அனுப்பியது. மற்றவர்கள் கேட்டு வாங்கியதையும் சேர்த்து மொத்தம் 69 இசட்.எல்.1 கமாரோக்கள். சில கார்கள் 1970களின் தொடக்கம் வரை விற்காமல் நின்றன. சிலவற்றில் அலுமினிய எஞ்சினைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டுச் சாதாரண இரும்பு எஞ்சினைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். கம்பெனியின் கணக்கில் இதன் வலு 430 குதிரை சக்தி. இரும்பு எஞ்சினைவிட வெறும் ஐந்து குதிரைகள் அதிகம்! அந்த ஐந்துக்கு மூவாயிரத்து அறுநூறு டாலர் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதிலிருந்தே அந்த எண்ணின் யோக்கியதை விளங்கும். இதன் எட்டு சிலிண்டர்களில் ஒன்றின் கொள்ளளவு 870 சி.சி.க்கு மேல், மாருதி 800இன் முழு எஞ்சினும் 796தான். அன்று யாரும் தொடாத இந்தக் கார்கள் இப்போது ஏலத்தில் பல லட்சம் டாலருக்குப் போகின்றன. பத்து லட்சத்தைத் தாண்டியதும் உண்டு.

ஆக, 2,700 டாலர் காருக்கும் 7,200 டாலர் காருக்கும் உடம்பு ஒன்றே. அதே தகடு, அதே கதவு, அதே கண்ணாடி. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டாஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியாக வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு சிறு தகட்டில் அடையாள எண் இருக்கிறது. முதல் இலக்கம் 1 என்றால் ஷெவர்லே. அடுத்த இரண்டு 23 என்றால் ஆறு சிலிண்டர் கமாரோ. 24 என்றால் வி-8. அடுத்த 37 மூடிய கூரை. 67 திறந்த கூரை. பிறகு 1969ஐக் குறிக்க 9. தொடர்ந்து ஓர் ஆங்கில எழுத்து: 'என்' என்றால் ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை, 'எல்' என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ். கடைசியில் வரிசை எண். அவ்வளவுதான். எஸ்.எஸ்.ஸா, இசட்/28ஆ, கோப்போவா என்று அந்த எண்ணில் ஓர் அட்சரம் கிடையாது. எந்த எஞ்சின் என்பதை அடையாள எண்ணில் சேர்க்கும் பழக்கம் ஷெவர்லேயில் 1972 மாடலோடுதான் வந்தது.

கம்பெனியிடம் கேட்டுவிடலாமே? கேட்கலாம், பதில் வராது. ஒவ்வொரு காரும் என்னென்ன பண்டங்களோடு தயாரானது என்ற பதிவேடுகளை ஷெவர்லே பத்திரப்படுத்தவில்லை. இதே ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான போண்டியாக் அப்படி இல்லை. அதன் பில்கள் மைக்ரோஃபிலிமில் தப்பிப் பிழைத்தன. கமாரோவின் உடன்பிறப்பான ஃபயர்பேர்டு வைத்திருப்பவர் கட்டணம் கட்டி எண்ணை அனுப்பினால் காரின் ஜாதகம் தபாலில் வந்துவிடுகிறது. போண்டியாக் என்ற பெயரே 2010இல் மறைந்துவிட்டது. ஆனால் அதன் ஃபைல்கள் பேசுகின்றன. கனடா கிளையும் தன் நாட்டில் விற்ற கார்களின் பதிவுகளை வைத்திருக்கிறது. ஒஹாயோவில் பிறந்து டொராண்டோவில் விலைபோன கமாரோவுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. அதே வாரம் பிறந்து சிகாகோவில் விலைபோன காருக்கு இல்லை.

இந்த வெற்றிடத்தில் ஒரு துப்பறியும் கலையே வளர்ந்திருக்கிறது. மிக எளிய சோதனை, மூன்றாவது இலக்கம். எண் 123 என்று தொடங்கும் காரில் எஸ்.எஸ். பேட்ஜோ இசட்/28 பேட்ஜோ இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அந்த இரண்டும் வி-8 கார்களில் மட்டுமே வந்தன. இசட்/28 பேட்ஜோடு தொழிற்சாலை ஏர் கண்டிஷனர் இருந்தாலும் அதே கதை. கொஞ்சம் தேர்ந்தவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள உடல் தகட்டைப் பார்ப்பார்கள். 1968 டிசம்பர் நடுவிலிருந்து நார்வுட்டில் அந்தத் தகட்டில் 'எக்ஸ்' குறியீடு பொறிக்கத் தொடங்கினார்கள். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28. ஆனால் அதற்கு முந்தைய கார்களிலும் வான் நைஸ் கார்களிலும் இது இல்லை. இல்லை என்பதால் போலி என்று சொல்லவும் முடியாது.

அடுத்த சாட்சி எஞ்சின். அதன் முன்பகுதியில் ஒரு சின்ன சமதளத்தில் எஞ்சின் தயாரான தேதியும் ரகக் குறியும் அடித்திருப்பார்கள். 69 இசட்/28க்கு 'டி.இசட்.' பக்கத்திலேயே காரின் வரிசை எண். இரண்டும் பொருந்தினால் 'நம்பர் மேட்சிங்' என்று விலை எகிறும். எகிறுவதால்தான் அதையும் பொய்யாக அடிக்கிறார்கள். பழைய சமதளத்தைத் தேய்த்து அழித்துவிட்டு வேண்டிய எண்ணைப் பொறிக்கிறார்கள். நிபுணர் பூதக்கண்ணாடியோடு தேடுவது எண்ணை அல்ல, எண்ணுக்கு அடியில் உள்ள கோடுகளை. தொழிற்சாலை மெஷின் அந்தச் சமதளத்தைச் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும். தேய்த்தால் அவை போய்விடும்; திரும்பக் கொண்டுவருவது கடினம். எஞ்சின் வார்ப்பின் தேதி, கார் தயாரான தேதிக்குப் பிந்தியதாக இருந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் மேலான சாட்சி காகிதம். டீலரின் ஒரிஜினல் பில். உத்தரவாதப் புத்தகத்தில் செருகியிருக்கும் சின்ன உலோகத் தகடு. அசெம்பிளி லைனில் எந்தப் பாகம் எந்தக் காருக்கு என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன அச்சடித்த தாள். வேலை முடிந்ததும் தூக்கி எறிய வேண்டியதைச் சிலர் இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ விட்டுவிட்டார்கள். அப்படிச் சிக்கிய எலி கடித்த தாள் ஒன்று ஒரு காரின் விலையையே மாற்றிவிடுகிறது. போலிக்காரர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. பழைய காகிதம்போல் அச்சிட்டு டீயில் நனைத்தால் போயிற்று.

உதிரிபாகங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பது இந்தக் கலப்படத்துக்குப் பெரிய வசதி. பேட்ஜ், கிரில், இருக்கைத் துணி என்று 69 கமாரோவின் ஏறக்குறைய ஒவ்வொரு பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் லைசென்ஸோடு முழு உடம்பையே தைவானில் செய்து விற்கிறார்கள். நேர்மையாகச் செய்தால் இதில் தப்பொன்றும் இல்லை. 'இது போலி; ஆனால் நல்ல போலி' என்று சொல்லியே விற்பவர்கள் நிறைய. வாங்குபவருக்கும் அதில் சந்தோஷம்தான்: இசட்/28இன் சத்தமும் வேகமும் பாதி விலையில் கிடைக்கிறது, வெயிலில் நிறுத்தினாலும் மனசு அடித்துக்கொள்ளாது. தகராறு வருவது, அந்தக் கார் இரண்டு மூன்று கை மாறி, 'போலி' என்ற வார்த்தை வழியில் எங்கோ தொலைந்துபோகும்போதுதான். கடைசியாக வாங்கியவர் உண்மையிலேயே அசல் என்று நம்பி, ஓய்வுக்காகச் சேர்த்த பணத்தைக் கொட்டியிருப்பார். அவர் விற்கப் போகும்போதுதான் பூதக்கண்ணாடி வரும்.

நஷ்டப்படுவது வாங்குபவர் மட்டுமல்ல. 1969இல் வந்த கமாரோக்களில் சுமார் 65,000, அதாவது நாலில் ஒன்றுக்கும் அதிகம், ஆறு சிலிண்டர் கார்கள். வி-8இலும் பெரும்பாலானவை எந்தப் பட்டமும் இல்லாதவை. எஸ்.எஸ். செய்யவும் இசட்/28 செய்யவும் கச்சாப் பொருளாகப் போனவை இவைதான். 140 குதிரை சக்தி எஞ்சினைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு, பெரிய வி-8ஐ இறக்கி, கம்பெனி பூசிய அடக்கமான பச்சையையும் நீலத்தையும் சுரண்டி ஆரஞ்சு அடித்துவிட்டார்கள். கார் கண்காட்சிக்குப் போனால் வரிசை வரிசையாக இசட்/28 நிற்கும். ஆறு சிலிண்டரும் இரண்டு ஸ்பீடு ஆட்டோமேடிக்கும் சின்ன வீல் கப்பும் உள்ள காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்று வந்து நின்றால், விலை குறைவாக இருந்தும் பழைய ஆட்கள் அதைச் சுற்றியே கூடுகிறார்கள். அவர்கள் வீட்டில் இருந்தது அந்த ரகம்தான்.

நார்வுட் தொழிற்சாலையை 1987இல் மூடினார்கள்; வான் நைஸை 1992இல். கமாரோவே 2002இல் நின்று, 2009இல் மீண்டும் வந்து, 2023 டிசம்பரில் மறுபடி நின்றுவிட்டது. வந்திருந்த புதிய தலைமுறையில் எஸ்.எஸ்., இசட்/28, இசட்.எல்.1 எல்லாப் பெயர்களும் திரும்பி வந்தன. 400 கன அங்குல விதிக்குப் பயந்து பெயரில்லாமல் ஒளிந்திருந்த இசட்.எல்.1, இந்த முறை தலைமையகத்தின் ஆசியோடு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தது. எண்ணைப் பார்த்தாலே என்ன எஞ்சின் என்று தெரிந்துவிடும்.

பழைய 69ஐ வாங்கப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஸ்காட்ஸ்டேல் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சு கமாரோ வந்து நிற்கும்போது எல்லோரும் பட்டைகளைப் பார்க்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் கண்ணாடி வழியாகக் குனிந்து டாஷ்போர்டின் இடது மூலையைப் பார்க்கிறார். ஒன்று. இரண்டு. அடுத்தது மூன்றா, நான்கா?